வில்மட் குழியில் மூன்று தட்டு

வில்மட் என்ற சுரங்கக் குழியை மூடிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்கத் தொடங்கிய காலத்தில், ஓர் ஐப்பசிக் காலையில், தொழிலாளர் குடியிருப்பான கீழ் லைன் வீடுகளின் பின்சுவர்களில் மணி அடிக்க ஆரம்பித்தது. அது வெறும் தண்ணீர்ச் சொட்டுதான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் கசிந்து, துருத்திக்கொண்டிருந்த செங்கல்லின் விளிம்பில் திரண்டு, கீழே கிடந்த பாத்திரத்தில் விழுந்தது. ஆனால் அது மூன்று மூன்றாக விழுந்தது. மூன்று சொட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று சொட்டு. குண்டலப்பாறையில் பிறந்த எவருக்கும் அ, ஆ தெரிவதற்கு முன்னால் தெரிந்துவிடுகிற பாஷை அது. தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு அந்தப் பாஷைக்குத்தான் கட்டுப்பட்டு நடந்தது. மணி ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் கூண்டில் ஏறப்போவது கல் இல்லை, ஆள், அதனால் பதமாக ஓட்டு. நான்கு என்றால் பொறு. ஐந்து என்றால் இனி ஆள் இல்லை, வேலை முடிந்தது, போகலாம். எந்தப் பக்கமிருந்து மணி வந்தாலும் மறுபக்கம் இருப்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டாமல் கூண்டு ஓர் அங்குலம்கூட நகராது.

முதலில் கேட்டவள் பவுலினா. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுக் காது கொடுத்தாள். அலுமினியச் சட்டியில் மூன்று, பிறகு மூன்று. பவுலினா சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சுவரைப் பார்த்து, "இப்பத்தான் வூட்டு நெனப்பு வந்துதா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு பிடி அரிசியை அள்ளி உலையில் போட்டாள். அவள் புருஷன் ஆரோக்கியமும் இன்னும் பத்துப் பேரும் வில்மட் குழியின் அடியில் இருந்தார்கள். பாறை வெடித்து வழி அடைபட்டு, தோண்டித் தோண்டிக் கை ஓய்ந்து, எப்படியும் மூடப்போகிற சுரங்கம்தானே என்று தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் நிறுத்தி, குழியின் வாயைக் கான்கிரீட் பலகையால் அடைத்தபோது, அந்தப் பதினோரு பேரும் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் கீழ் லைனில் பாதி வீடுகளில் சொட்டியது. டீக்கடையில் ஒருவன், "முனிசிபாலிட்டி கொழாய் ஒடைஞ்சிருக்கும்" என்றான். "நம்ம கொழாய்ல ஒரு சொட்டு வர்றதுக்கே மனு குடுக்கணும், மூணு மூணாவா வரும்?" என்றான் இன்னொருவன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே போகப் போகப் பாறை சுடும். அந்தப் பாறையோடு எட்டு மணி நேரம் இருந்துவிட்டு ஏறி வருகிறவர்களின் முதுகு, குளித்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டை அறிந்த கைகள் கீழ் லைனில் இன்னும் இருந்தன. அந்தக் கைகள் சுவரைத் தொட்டுப் பார்த்தன, தெரிந்துகொண்டன, முந்தானையில் துடைத்துக்கொண்டன.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஈயம் பூசிய பித்தளைக் குண்டான்தான் நல்ல நாதம் தருகிறது என்று கண்டுபிடித்து, பரண் மேல் கிடந்தவற்றை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் துலக்கினார்கள். எந்தச் சொட்டு யாருடையது என்று பெண்கள் அடையாளம் சொன்னார்கள். "எங்க வூட்டுக்காரர் எப்பவும் லேட்டு, மூணாவது சொட்டு இழுத்துகினுதான் வுழும்" என்று பவுலினா பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டாள். யாரையும் இழக்காத வீடுகளிலும் சொட்டியது. அவர்கள் கூச்சத்தோடு, யாருக்கோ வந்த தபாலைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களைப் போல, பாத்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். உலர்ந்த மேல் லைனில் இருந்தவர்கள் பழத்தோடு கீழ் லைனுக்கு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போனார்கள். ஈரம் கசிந்த வீடுகளை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கீழ் லைனில் கொடுக்கல் வாங்கல் எதுவும் அன்றைய முதல் சொட்டு விழுந்த பிறகுதான் என்றாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்கத் தாலாட்டுத் தேவைப்படவில்லை.

எல்லாரும் குழிமேட்டுக்குப் போய்த் திருப்பித் தட்டவும் செய்தார்கள். தட்டுவது அந்த ஊருக்குப் புதிது இல்லை. குழியை மூடிய அன்று, கான்கிரீட் ஈரம் காய்வதற்குள், அந்தப் பதினோரு பேரில் ஒருவனான முனிரத்தினத்தின் மனைவி யசோதரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பலகையின் நடுவில் தண்ணீர் மட்டம் பார்க்க விட்டிருந்த இரும்புக் குழாயை, கையில் அகப்பட்ட வெள்ளைக் கல்லால் மூன்று முறை தட்டினாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் அழவில்லை, தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பவுலினா தட்டினாள். அடுத்த வாரம் ஊரே தட்டியது. நாளடைவில் அது வழக்கமானது. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்தோ விகாரையிலிருந்தோ நேராக வந்து தட்டினார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் தட்டினார்கள். விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாக மூன்று தட்டு தட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்த வெள்ளைக் கல் குழாயின் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் அதை எடுத்துப் போகவில்லை.

சவரிராயனும் தட்டினான். அவன் தட்டாத திங்கட்கிழமை கிடையாது. சுரங்கம் ஓடிய நாளில் வில்மட் குழியின் வாயில் மேல் மணிக்காரனாக இருந்தவன் அவன். ஆட்களை எண்ணிக் கூண்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, மணியை இழுத்தது அவன் கை. மூடிய பிறகு அதே குழியைச் சுற்றித் தண்ணீர் அளக்கும் வேலை கிடைத்தது. உருளையில் சுற்றிய நீள நாடாவைக் குழாய்க்குள் இறக்கிக்கொண்டே போவான். நுனியில் உள்ள குண்டு தண்ணீரைத் தொட்டதும் உருளையில் ஒரு சின்னப் பல்பு எரியும். வருஷத்துக்கு வருஷம் நாடா குறைவாகத்தான் இறங்கியது. தண்ணீர் அவசரமில்லாமல், யாரோ இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு படியேறுகிற மாதிரி, மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு கீழ் லைனின் பின்னால் ஓடும் கசிவு வாய்க்காலில் பக்கெட்டை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பான். அந்த இடம் யசோதரை வீட்டின் பின்கட்டு.

அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுப்பாள். அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடிப்பான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவன் நிலைப்படியைத் தாண்டியதில்லை, அவளும் தாண்டச் சொன்னதில்லை. முனிரத்தினம் அவனுக்கு மூத்தவன், கூட்டாளி. அதனால் அவள் அண்ணி. அந்த ஒரு சொல்லை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் ஒரு கதவைச் சாத்துவது போலச் சொன்னான், சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "தண்ணி அளக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சிரிப்பான். யசோதரை கார்மென்ட்ஸ் வேலைக்குப் பெங்களூர் ரயிலில் போய் வந்தே தலை நரைத்தவள். புருஷன் செத்துவிட்டான் என்று அவள் எந்த ஆபீசிலும் எழுதிக் கொடுக்கவில்லை. "எறங்கினாரு. ஏறல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்பாள்.

சவரியின் வீடு மேல் லைனில் இருந்தது, காய்ந்து கிடந்தது. ராத்திரி அவன் பின்சுவரில் காதை வைத்துப் பார்ப்பான். ஒன்றும் கேட்காது. தனக்கு ஏன் வருத்தமாக இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வான், பதில் தெரிந்திருந்ததால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

சொட்டு ஆரம்பித்த பிறகு தண்ணீர் ஏறுகிற வேகம் கூடியது. திருப்பித் தட்டினால் மேலே வந்துவிடுவார்கள் என்று ஊர் தட்டிக்கொண்டே இருக்க, ஒரு வருஷத்தில் ஏறுவது ஒரு வாரத்தில் ஏறியது. ஆபீசிலிருந்து இன்ஜினியர் மஞ்சுளா வந்தார். கன்னட வாடையடிக்கும் தமிழில் பேசும் பொறுமையான பெண்மணி. நாடாவில் ஓரிடத்தில் சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டினார்.

"சவரி, இந்தச் சிவப்பு குழாய்க்குள்ள போறதுக்கு முன்னாடியே பல்பு எரிஞ்சா முடிஞ்சுது. கீழ் லைனுக்கு அடியில பழைய சுரங்க அறைங்க இருக்கு. அதுல தண்ணி நிறைஞ்சா மேல இருக்கிற வீடெல்லாம் உக்காந்துடும். அதுக்கு முன்னாடி குழிக்குள்ள சிமெண்ட் ஊத்தி அடைச்சே ஆகணும், கீழ் லைனைக் காலி பண்ணணும்."

"அடைச்சா அவங்களுக்குக் கேக்காதே மேடம்" என்றான் சவரி.

மஞ்சுளா யாருக்கு என்று கேட்கவில்லை. பவுலினா வீட்டுச் சுவரோரம் ஒரு முறை அவரும் உட்கார்ந்திருந்தார். "எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த வீடுகள்ல குழந்தைங்க தூங்குது" என்றார்.

அடுத்த வாரம் பவுலினா வீட்டுத் தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. உருட்டிவிட்ட தக்காளி தானாகவே வாசலுக்கு ஓடியது. "பரவால்ல, பெருக்கத் தேவையில்ல, குப்பை அதுவே வெளிய போவுது" என்றாள். ஆனால் அன்றே குழிமேட்டைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டினார்கள். சாவி சவரியிடம் மட்டும் இருந்தது.

வேலி போட்ட அன்று சொட்டு நின்றது.

கீழ் லைன் அந்த வாரம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குழியை மூடிய நாளில் அழாமல் விட்டவர்கள் எல்லாம் அந்த வாரத்தில் அழுதார்கள். குண்டான்களை எடுத்துவிட மனமில்லாமல் வெறுமனே சுவரடியில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றி நடந்தார்கள். பவுலினா உள்ளங்கையால் சுவரை அடித்து, "கோச்சிகினியா? யோவ், வேலி போட்டது நாங்க இல்லய்யா, ஆபீசு" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். யசோதரை சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சுவர் ஆறிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை சவரி பூட்டைத் திறந்து தனியாக உள்ளே போனான். நாடாவை இறக்கினான். தண்ணீர் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது, ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. நாடாவைச் சுற்றிப் பெட்டியில் வைத்தான். பிறகு, கை தன் பழக்கத்துக்குப் போய் வெள்ளைக் கல்லை எடுத்தது, குழாயில் மூன்று தட்டு தட்டியது.

கீழ் லைனிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. "வந்துட்டாங்க! வந்துட்டாங்கப்பா!" குண்டான்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின; மூன்று, பிறகு மூன்று. சவரி கல்லைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். மேல் மணிக்காரனாக இருந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. கீழே இருப்பவர்கள் திருப்பித் தட்டுகிறார்கள். கூப்பிட்டது மேலே இருப்பவர்கள். தண்ணீர் ஏறி ஏறி, தட்டுகிற சத்தம் போய்ச் சேருகிற உயரத்துக்கு அவர்களைக் கொண்டுவந்ததும், அவர்களுக்கு முதன்முதலாக மணி கேட்டிருக்கிறது. மேலேயிருந்து மூன்று: ஆள் இறங்கப்போகிறது. முறை தெரிந்த மனிதர்கள், மூன்றைத் திருப்பித் தட்டிவிட்டுக் கூண்டை அனுப்பியிருக்கிறார்கள். அவர்களிடம் இப்போது கூண்டு ஏது? அவர்களிடம் இருப்பது தண்ணீர். அதை அனுப்பியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து நாடாவை மறுபடி இறக்கிப் பார்த்தான். தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது.

ஐந்து தட்டினால் போதும் என்று அவனுக்குத் தெரியும். இனி ஆள் இல்லை, வேலை முடிந்தது. வேலிக்குள் அவனைத் தவிர யாருமில்லை, கல் கையில் இருக்கிறது. ஐந்து தட்டினால் முனிரத்தினமும் மற்றவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விடுவார்கள். கீழ் லைன் வீடுகள் நிற்கும். குழந்தைகள் தூங்கும். யசோதரையின் சுவர் ஆறிவிடும். அந்தக் கடைசி எண்ணம் வந்ததும் அவன் கை நின்றது. இதில் எதற்காக நான் தட்டப்போகிறேன், வீடுகளுக்காகவா, அந்தச் சுவருக்காகவா? வீடுகளுக்காகத்தான் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அது மட்டும் உண்மை இல்லை. இதை எப்படிப் பிரித்து அளப்பது, இதற்கு எந்த நாடாவை இறக்குவது என்று தெரியாமல், கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள், அளக்கிற கிழமை இல்லாதபோதும், யசோதரையின் பின்வாசலில் போய் நின்றான்.

"இன்னா சவரி, திங்கக்கெழமை இன்னும் முடியலியா உனக்கு?" என்றாள்.

"அண்ணி, மூடின அன்னிக்கு மூணு தட்டினீங்களே, எதுக்குத் தட்டினீங்க?"

"இது இன்னா கேள்வி? ஆளு கீது, ஏத்துங்கன்னு தட்டினேன்."

"அது கீழ நிக்கிறவங்க தட்டணும் அண்ணி. மேல நிக்கிறவங்க தட்டினா, நாங்க எறங்கி வர்றோம், கூண்டு அனுப்புங்கன்னு அர்த்தம்."

உள்ளே குண்டானில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. யசோதரை அதைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்போ இத்தினி வருசமா நான் அந்த மனுசனைக் கூப்பிடல."

"இல்ல."

"நான் வர்றேன், நான் வர்றேன்னு சொல்லிகினு இருந்திருக்கேன்."

"நீங்க மட்டும் இல்ல. ஊரே. நானும்தான் வாராவாரம் தட்டினேன், ஒரு வாட்டியாவது யோசிச்சேனா? கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளை, பரீச்சைப் பசங்க, ரயில் ஏறப்போறவன், எல்லாருமே வர்றோம்னு சொல்லிட்டாங்க."

அவள் சட்டென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஐயோ பாவம். அவ்ளோ பேருக்கும் எடம் பத்தணுமேன்னுதான் இவ்ளோ தண்ணி அனுப்பறாங்க."

"அஞ்சு தட்டினா நின்னுடும். இனி ஆள் இல்லன்னு அர்த்தம். அவங்க போயிடுவாங்க."

"நேத்து நீ உள்ளதான இருந்த? சாவியும் உன் கையில, கல்லும் உன் கையில. ஏன் தட்டல?"

சவரி வாய்க்காலைப் பார்த்தான். "எதுக்குத் தட்டறேன்னு எனக்கே தெரியல அண்ணி. வூடு உக்காந்துடும்னா, இல்ல வேற எதுக்குமான்னு."

"வேற எதுக்கு?"

அவன் ஒரு சருகை எடுத்து வாய்க்காலில் போட்டான்.

"இத்தினி வருசமா டீ குடுக்கறவளுக்கு அது தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள் யசோதரை. குரலில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. "போ. நாளைக்குத் தண்ணி புடிக்கிற கொழாயடியில எல்லாரையும் வரச் சொல்லு. இத நீ ஒருத்தனா செஞ்சா உன்னால தூங்க முடியாது. நான் ஒருத்தியா செஞ்சா ஊரு தூங்காது."

தெருக் குழாயடியில் ஊர் கூடியது. சவரி முறையைச் சொன்னான். சொல்லி முடித்ததும் யாரும் அவனை நம்பாமல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பாஷைதானே, யோசிக்காமல் விட்டது அவரவர் தப்பு. ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். அந்த மாதம் கல்யாணமான ஒரு பெண், "நானும் தட்டினேனே, என்னையுமா எதிர்பாக்கறாங்க?" என்று புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வரட்டுமே, நான் ரெடிதான். முட்டி வலியோட இங்க இருந்து இன்னா கண்டேன்?" என்றாள் பவுலினா. "நீ போவ, உன் பேத்தி?" என்று யாரோ கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐந்து தட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யார் தட்டுவது என்பதில்தான் எல்லாருடைய கையும் பின்னால் போயிற்று. தட்டுகிறவர் பதினோரு பேரிடமும் சொல்லப்போவது, நாங்கள் வரவில்லை, யாருமே வரவில்லை என்று. கடைசியில், முதலில் தட்டியவள் கையாலேயே முடியட்டும் என்றார்கள். யசோதரை, "சரி" என்றாள்.

திங்கட்கிழமை காலை சிமெண்ட் லாரி வந்து குழிமேட்டருகே உறுமிக்கொண்டு நின்றது. மஞ்சுளா வேலியைத் திறந்துவிடச் சொன்னார். "தண்ணி நின்னா லாரி திரும்பிப் போகும். எப்படி நின்னுச்சுன்னு நான் கேக்க மாட்டேன். நிக்கலைன்னா என்னைத் தடுக்காதீங்க" என்றார். கீழ் லைனில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைக் குண்டானருகே விட்டுவிட்டு, மீதி ஊர் முழுவதும் மேட்டில் நின்றது. சவரி நாடாப் பெட்டியோடு குழாயருகே நின்றான். யசோதரை, கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போலத் தலைவாரி, வெளுத்த புடவை கட்டி வந்திருந்தாள். குனிந்து கல்லை எடுத்தாள். எத்தனையோ கைகள் எடுத்துத் தட்டி ஒரு பக்கம் மழுங்கிப்போன கல் அது.

ஒன்று.

லாரிக்காரன் என்ஜினை அணைத்தான்.

இரண்டு. மூன்று. மூன்றாவது தட்டில் பவுலினாவின் உதடுகள் அசைந்தன. வழக்கமாக அங்கே கை ஓய்ந்துவிடும். யசோதரையின் கை ஓயவில்லை. நான்கு.

ஐந்தாவதுக்குக் கல் உயர்ந்தது. சவரியின் நெஞ்சுக்குள் அது தட்டப்பட்டேவிட்டது. கதவு திறந்துவிட்டது போலவும் அதன் வழியாகத் தான் விழுவது போலவும் ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. கல் உயர்ந்த இடத்திலேயே நின்றது. யசோதரை அதைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக இறக்கி, கல்லை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டம் விலகி விட்ட வழியில் நடந்து கீழ் லைனுக்குப் போய்விட்டாள்.

அப்போது கீழேயிருந்து, முதலில் ஒரு வீட்டில், பிறகு வரிசை முழுவதிலும், குண்டான்கள் ஒலித்தன. நான்கு. கொஞ்சம் இடைவெளி. நான்கு. பொறு என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். பொறுக்கிறோம் என்று கீழேயிருந்து பதில் வந்துவிட்டது.

சவரி நாடாவை இறக்கினான். சிவப்புத் துணி குழாயின் வாய்க்கு வந்தது, உள்ளே போனது, மறைந்தது. அதற்குப் பிறகே பல்பு எரிந்தது. மஞ்சுளா நெடுநேரம் நின்று மறுபடி அளக்கச் சொன்னார், மாலையில் ஒரு முறையும் அளக்கச் சொன்னார். தண்ணீர் அசையவில்லை. இருட்டுவதற்கு முன் லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

வேலியை எடுத்துவிட்டார்கள். இப்போது குண்டலப்பாறையில் யாரும் தட்டுவதில்லை. கல்யாண ஜோடிகளும் ரயிலுக்குப் போகிறவர்களும் குழாய் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்சம் நின்று, எடுத்துக்கொண்டு போகிறார்கள். பவுலினாவின் தரையைச் சமன் செய்தாகிவிட்டது. தக்காளி உருட்டிய இடத்தில் நிற்கிறது, அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சொட்டு எப்போதாவது விழுகிறது. விழும்போது நான்காக விழுகிறது. நான்காவது சொட்டு, ஆரோக்கியத்தின் வீட்டில், இழுத்துக்கொண்டு விழுகிறது.

அந்த வருஷத்துப் பங்குனி வெயிலில் ஒரு திங்கட்கிழமை, சவரி வாய்க்காலில் பக்கெட்டை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. யசோதரை டம்ளரோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"வெயில் மண்டையைப் பொளக்குது. உள்ள வந்து உக்காரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய் வரை வந்த அந்தச் சொல்லை, கதவைச் சாத்துகிற அந்தச் சொல்லை, அவன் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். சுவரோரத்தில் குண்டான் இருந்தது. அதற்கு மேலே, செங்கல் துருத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து மாடத்தில், விளக்கு வைக்கிற இடத்தில், வெள்ளைக் கல் இருந்தது.

அவன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அஞ்சாவது என்கிட்டதான் கீது" என்றாள். "எப்பன்னு கேக்காத."

"கேக்கல."

"கீழ இருக்கிறவங்க கேக்கல. மேல இருக்கிறவனுக்கு இன்னா அவசரம்?"

அவன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது; முனிரத்தினம் முதுகோடு முதுகாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் போல. குண்டானில் சொட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேல் மணிக்காரன் விரலால் டம்ளரில், சத்தம் வராமல், நான்கைத் திருப்பித் தட்டிவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்கினான்.